பைக்கில் ஜிபிஎஸ்: கையைக் கடிக்காமல் அமைப்பது எப்படி?

பைக்கில் வழிகாட்டி ஒன்று வைக்க வேண்டும், ஆனால் அதற்காக ஒரு பெரிய தொகையைக் கொட்ட மனசு வரவில்லை என்பவர்களுக்காக இந்தப் பக்கம். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், அந்த இடங்களில்தான் பெரும்பாலானவர்கள் காசை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன்.

தனி ஜிபிஎஸ் கருவி வாங்குவதா, ஃபோனே போதுமா?

பத்தில் எட்டுப் பேருக்கு ஃபோன் போதும் என்பது என் கணிப்பு. ஆனால் எந்த ஃபோன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வங்கிக் கணக்கு, டிக்கெட், குடும்பத்தின் எண்கள் எல்லாம் இருக்கும் உங்கள் முதன்மை ஃபோனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். கீழே விழுந்தால் வழியும் போய்விடும், உதவிக்குக் கூப்பிட ஆளும் இருக்காது. அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்ட் ஃபோனை எடுத்து அதை வண்டிக்கென்று ஒதுக்கி வையுங்கள். முதன்மை ஃபோன் சட்டைக்குள், உள்பையில் இருக்கட்டும்.

மிச்சமாகும் காசை மவுன்ட், சார்ஜிங் வயரிங் இரண்டிலும் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை உயர்ந்த ஃபோனை வாங்கிவிட்டு, அதைப் பிடித்திருக்க இருப்பதிலேயே மலிவான பிளாஸ்டிக் கிளிப்பைத் தேடுவார்கள்.

இன்னொன்று, புதிதாக எதையும் வாங்கும் முன் வண்டியின் மீட்டரைப் பாருங்கள். இப்போது வரும் பல பைக்குகளில் ப்ளூடூத் வழியாக ஃபோனோடு சேர்ந்து, அடுத்த திருப்பத்தை அம்புக்குறியாகக் காட்டும் வசதி இருக்கிறது. பலர் ஒரு தடவைகூட அதை இயக்கிப் பார்த்ததில்லை.

பழைய ஃபோனில் சிம் இல்லை. ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். ஜிபிஎஸ்ஸுக்கும் இன்டர்நெட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம், இப்போது நேரம் என்ன என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதைக் கேட்டு ஃபோன் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். மூன்று இடத்துக்கு, நான்காவது நேரத்துக்கு, ஏனென்றால் ஃபோனுக்குள் இருக்கும் கடிகாரம் இந்தக் கணக்குக்குத் தேவையான அளவு துல்லியமானதில்லை.

நெட் எதற்கு என்றால், முதல் தடவை சீக்கிரமாகப் பிடிப்பதற்கு. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை நெட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் சில நொடிகளில் இடம் தெரிந்துவிடும். நெட் இல்லாவிட்டால் அதை வானத்திலிருந்தே மெதுவாக வாங்க வேண்டும். முழுப் பட்டியலும் ஒரு சுற்று வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும். மாதக்கணக்கில் அணைந்து கிடந்த ஃபோன் "ஜிபிஎஸ்ஸைத் தேடுகிறது" என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான், அது கெட்டுப் போனதாக நினைத்து எறிந்துவிடாதீர்கள். கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் ஒரு முறை மேப்பைத் திறந்து இடத்தைப் பிடிக்க விடுங்கள், அப்புறம் திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் நின்று கிளம்புங்கள்.

டேப்லெட்டை மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வைஃபை மட்டும் உள்ள பல டேப்லெட்களில், வைஃபை ஐபேட் உட்பட, ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. வீட்டில் இடம் காட்டும், தெருவுக்கு வந்ததும் முழிக்கும்.

பழைய ஃபோனில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பேட்டரி. பின்பக்க மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தாலோ, மேஜையில் வைத்தால் ஃபோன் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது, அதை வெயிலில் வண்டியில் மாட்டுவது ஆபத்து. அடுத்து சார்ஜிங் துளை. கேபிளைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள், விட்டு விட்டுச் சார்ஜ் ஆனால் வண்டியின் அதிர்வில் அது நிற்கவே நிற்காது. மூன்றாவது, திரை வெளிச்சம். நண்பகலில் வெளியே எடுத்துப் போய், முழு வெளிச்சத்தில் தெரு எழுத்துகள் தெரிகிறதா என்று பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுபவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே, ஃபோனை நேராகவும் படுக்கையாகவும் திருப்பிப் பாருங்கள், சில திரைகள் ஒரு பக்கம் திருப்பினால் கறுப்பாகிவிடும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், ஃபோனை முழுவதுமாக அழித்துவிட்டு மேப் ஆப்களை மட்டும் போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம், முக்கியமாக நோட்டிஃபிகேஷன் அனுப்பும் எதுவும்.

எந்த மேப் ஆப் நல்லது?

ஒன்று போதாது, இரண்டு வையுங்கள்.

கூகுள் மேப்ஸ் நெரிசல் காட்டுவதிலும் கடைகளின் பெயரை வைத்துத் தேடுவதிலும் கெட்டி. சில நாடுகளில் இருசக்கர வாகனத்துக்கெனத் தனி முறையும் அதில் உண்டு. ஆஃப்லைனில் பகுதிகளை இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆஃப்லைனில் கார் ஓட்டுவதற்கான வழி மட்டும்தான் கிடைக்கும். நெரிசல் விவரமும் மாற்று வழிகளும் வராது. இறக்கிய மேப்புக்குக் காலாவதியும் உண்டு, ஆறு மாதத்துக்கு முன் இறக்கியதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

இரண்டாவதாக ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஆப் ஒன்று. 2004-ல் தொடங்கிய திட்டம் இது, உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து வரையும் மேப். ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது, விளம்பரம் இல்லை, பழைய ஃபோனிலும் சுணங்காமல் ஓடும். ஓஸ்ம்ஆண்ட் கொஞ்சம் சிக்கலானது, முதல் நாள் அதன் மெனுவுக்குள் தொலைந்து போவீர்கள், ஆனால் மண்சாலையைத் தவிர், நெடுஞ்சாலையைத் தவிர் என்று வேண்டியபடி சொல்ல முடியும். காட்டுப் பாதைகளும் சிறு சந்துகளும் சில இடங்களில் கூகுளைவிட இதில் தெளிவாக இருக்கும், சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. அந்தப் பகுதியில் எத்தனை பேர் உட்கார்ந்து வரைந்தார்கள் என்பதைப் பொறுத்தது. போகப்போகும் பகுதியை வீட்டில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் போட்ட வழி ஒன்று, அது கூட்டிப்போவது வேறு. ஏன்?

வளைந்து வளைந்து போகும் நல்ல சாலையைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பீர்கள், ஆப் உங்களைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று நெடுஞ்சாலையில் தள்ளும். அதன் வேலை அதுதான். கூகுள் மேப்ஸில் சேரும் இடத்தோடு சேர்த்து மொத்தம் பத்து இடங்கள் வரைதான் போட முடியும், ஒரு நாள் முழுக்க ஓட்டும் பயணத்துக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். மொத்த வழியைப் போடாமல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஒன்று, அப்புறம் ஒன்று என்று துண்டாக்கிக்கொள்ளுங்கள்.

ஜிபிஎக்ஸ் கோப்பு (பயண வழியைச் சேமித்துப் பிறரோடு பகிரும் கோப்பு) வைத்து ஓட்டுபவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதித் தலைவலி போய்விடும். அந்தக் கோப்பில் 'ட்ராக்' என்பது போன தடம், நெருக்கமான புள்ளிகளால் வரைந்த கோடு மாதிரி. 'ரூட்' என்பது சில இடங்களின் பட்டியல் மட்டும், இடையில் எப்படிப் போவது என்பதை உங்கள் கருவியே முடிவு செய்யும். நண்பர் ரூட்டாக அனுப்பினால் அவருடைய கருவியில் ஒரு வழியும் உங்களுடையதில் இன்னொரு வழியும் வருவது சகஜம். ட்ராக்காக வாங்குங்கள், ஓஸ்ம்ஆண்ட் அதை அப்படியே பின்தொடரும்.

எந்த மவுன்ட் வாங்குவது?

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதலில் வாங்கியது நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் நகம் வைத்த ஒன்று. கடையில் இழுத்துப் பார்த்தபோது உடும்புப் பிடி. மூன்றாவது வாரம் ஒரு வேகத்தடையில் ஃபோன் பறந்து, பின்னால் வந்த வண்டியின் சக்கரத்துக்கு நேராகப் போய் விழுந்தது. திரும்பிப் போய்ப் பொறுக்கியபோது சிம் அட்டை மட்டும்தான் முழுசாக இருந்தது.

முதலில் உங்கள் ஹேண்டில்பாரின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பொதுவாக 22 மில்லிமீட்டர், தடித்த நடுப்பகுதி உள்ளவற்றில் 28.6 மில்லிமீட்டர். கிளாம்ப் இந்த அளவுக்குப் பொருந்த வேண்டும், சிறியதன் மேல் பெரியதை மாட்டி இடையில் ரப்பரைத் திணித்தால் கொஞ்ச நாளில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் கிளாம்ப் மாட்ட இடமே இருக்காது, அதற்கு ஃபோர்க் நடுவே உள்ள ஸ்டெம் துளைக்குள் செருகி விரிக்கும் வகை கிடைக்கிறது, துளையை அளந்துவிட்டு வாங்குங்கள். கண்ணாடித் தண்டில் மாட்டும் மவுன்ட் வசதிதான், ஆனால் தண்டு ஆடும்போது ஃபோனும் சேர்ந்து ஆடும். ஏற்கெனவே கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கலாகத் தெரிகிற பைக் என்றால் அங்கே ஃபோனை வைக்காதீர்கள்.

பிடிக்கும் முறையில் இரண்டு நல்லவை. ஒன்று, கேஸின் முதுகில் இருக்கும் பூட்டை மவுன்ட்டில் வைத்துத் திருகி மாட்டுவது. உறுதியானது, ஆனால் உங்கள் பழைய ஃபோனுக்கேற்ற கேஸ் கிடைக்காமல் போகலாம். அப்போது முதுகில் ஒட்டும் வட்டத்தை வாங்கி, ஒரு நாள் முழுக்க ஊற விட்டு அப்புறம் மாட்டுங்கள். மற்றொன்று, ஸ்பிரிங்கோடு நான்கு கால்களால் கவ்விப் பிடிக்கும் எக்ஸ் வடிவ வகை. எல்லா ஃபோனுக்கும் பொருந்தும், ஆனால் மூலைகளைச் சுற்றி இழுத்து மாட்டும் ரப்பர் வலை இல்லாமல் அதை நம்ப மாட்டேன். எதுவானாலும் ஒரு சின்னக் கயிற்றால் ஃபோனை ஹேண்டில்பாரோடு கட்டி வையுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

மாட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் கேபிளை இழுக்கிறதா, டேங்க்கில் இடிக்கிறதா, ஹார்ன் பட்டனை அமுக்குகிறதா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

அதிர்வில் கேமரா கெட்டுப்போகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சக்தி வாய்ந்த பைக் என்ஜின்களின் அதிர்வு தொடர்ந்து பட்டால் ஐபோன் கேமராவின் ஆட்டம் தணிக்கும் பகுதியும் ஃபோக்கஸும் பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே 2021-ல் எழுதி வெளியிட்டது. அந்த லென்ஸ் நுண்ணிய காந்தங்களின் பிடியில் மிதக்கிறது, வேறு நிறுவனங்களின் ஃபோன்களிலும் அதே மாதிரி அமைப்பு உண்டு. ரப்பர் வைத்த அதிர்வு தணிப்பான் போட்டால் பாதிப்பு குறையும். பழைய ஃபோன் என்றால் இந்தக் கவலையே வேண்டாம், அதன் கேமரா போனால் போகட்டும்.

சார்ஜ் எப்படிப் போடுவது?

அரை மணி நேரப் பயணம் என்றால் ஒன்றும் வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் என்றால் டேங்க் பையில் ஒரு பவர் பேங்க் போதும், வயரைத் தொட வேண்டாம், வாரன்டி பயமும் இல்லை. நாள் முழுக்க ஓட்டுபவர்தான் வண்டி பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும்.

அதற்கு வேண்டியது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் யுஎஸ்பி சார்ஜர். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கொடுத்தால் 10 வாட், வண்டி பக்கம் சுமார் ஒரு ஆம்பியர். ஓடும் வண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை நிறுத்திய பிறகுதான். சார்ஜரை நேரடியாக பேட்டரியில் கொடுத்துவிட்டால் ஃபோன் மாட்டாதபோதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். நீல விளக்கும் வோல்ட் காட்டும் எண்களும் வைத்த சார்ஜர் இதில் இன்னும் மோசம். பத்து மில்லி ஆம்பியர்தான் என்றாலும் ஒரு நாளைக்குக் கால் ஆம்பியர்-மணி. சிறிய பைக்கின் 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்து நாளில் பாதிக்கு மேல் காலி. நான் இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டு வந்து, செல்ஃப் பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இதைக் கண்டுபிடிக்கும் முன் ஒரு புது பேட்டரி வேறு வாங்கிவிட்டேன், அதுவும் அடுத்த மாதம் இறங்கியது.

ஆகவே சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து எடுங்கள், அல்லது அந்த வயரை வைத்து ஒரு ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்கி, மின்சாரத்தை பேட்டரியிலிருந்து எடுங்கள். ஃப்யூஸ் கட்டாயம், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. சார்ஜருக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்தால் நடுவில் வயர் உரசித் தேய்ந்து ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. வயரிங்கில் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஆனால் "சாவியோடு வர வேண்டும், ஃப்யூஸ் வேண்டும்" என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வயர்லெஸ் சார்ஜிங் மவுன்ட் மழைக்கு நல்லது, துளையில் தண்ணீர் போகாது. ஆனால் ஃபோனைச் சூடாக்கும்.

வெயிலில் ஃபோன் அணைந்துவிடுகிறதே?

நேர் வெயில், முழு வெளிச்சத் திரை, ஜிபிஎஸ், சார்ஜிங் என்று நாலு பக்கமும் சூடு. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பே 35 டிகிரி செல்சியஸ்தான். அதற்கு மேல் போனால் ஃபோன் முதலில் சார்ஜ் வாங்குவதை நிறுத்தும், திரையை மங்கலாக்கும், கடைசியில் படுத்துவிடும்.

மவுன்ட்டில் பூட்டும் கேஸ் இல்லையென்றால் அதைக் கழற்றுங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தால் அதிலிருந்து வெளியே எடுங்கள், அது ஒரு சின்ன அடுப்பு. காற்று படும் இடத்தில் மாட்டுங்கள், முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். பேட்டரி நிறைந்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ஓஸ்ம்ஆண்டில் திருப்பம் நெருங்கும்போது மட்டும் திரையை எழுப்பும் அமைப்பு இருக்கிறது, நேரான நீண்ட சாலையில் அது ஃபோனுக்குப் பெரிய நிம்மதி.

மழை?

ஐபி67, ஐபி68 என்று போட்டிருந்தால் அசையாத தண்ணீரில் குறிப்பிட்ட நேரம் மூழ்கித் தாங்கும் என்று பொருள். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம். வேகமாகப் போகும்போது ஊசி மாதிரி அடிக்கும் மழை வேறு சோதனை, அதுவும் பழைய ஃபோனில் சீல் எப்போதோ காய்ந்திருக்கும். தண்ணீர் உள்ளே போகாவிட்டாலும் துளிகள் விழுந்து திரை தானாக எதையெதையோ தொடும், மேப் பெரிதாகும், சுருங்கும், வழி ரத்தாகும். மழை வந்தால் நான் ஃபோனைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு குரலை மட்டும் கேட்டு ஓட்டுவேன்.

குரல் மட்டும் போதுமா?

பழகிவிட்டால் அதுதான் சுகம். ஹெல்மெட்டுக்குள் காதுப் பக்கம் ஒட்டும் மெல்லிய ஸ்பீக்கர் கொண்ட ப்ளூடூத் சாதனம் போதும், வண்டிக்கு வண்டி பேசும் இன்டர்காம் எல்லாம் தேவைப்பட்டால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். காதுக்குள் செருகும் இயர்ஃபோனைச் சில நாடுகள் வண்டி ஓட்டும்போது தடை செய்திருக்கின்றன, உங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேம்பாலத்துக்குக் கீழே போனால் மேலே போவதாகக் காட்டுகிறது. ஃபோன் கோளாறா?

இல்லை. திறந்த வெளியில்கூட ஃபோன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே இருக்கும், உயரத்தைக் கணிப்பதில் இன்னும் மோசம். மேலும் கீழும் ஒட்டி ஓடும் இரண்டு சாலைகளைப் பிரித்துச் சொல்ல அதற்கு வழியில்லை, ஆப் ஊகிக்கிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டு எதிரொலித்து வருவதால் இன்னும் தடுமாறும். 2018-க்குப் பிறகு வந்த சில ஃபோன்கள் இரண்டு அலைவரிசைகளில் கேட்கும், அவை கட்டடங்களுக்கு இடையில் பரவாயில்லை. பாலத்துக்கு முன்னால் இருக்கும் பலகையைப் படித்துவிடுங்கள்.

நிற்கும்போது அம்புக்குறி தாறுமாறாகச் சுற்றினால் டேங்க் பையின் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள், அது ஃபோனின் திசைகாட்டியைக் குழப்பும். வண்டி நகர்ந்ததும் சரியாகிவிடும்.

காரில் இருந்த பழைய ஜிபிஎஸ்ஸை மாட்டலாமா?

மாட்டலாம், மழை இல்லாத நாளில். அவற்றுக்கு நீர்ப் பாதுகாப்பு கிடையாது, திரை காருக்குள் இருக்கும் நிழலுக்காகச் செய்தது, சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்காது. மேப்பைப் புதுப்பிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் பேச்சே இல்லை.

ஆண்ட்ராய்ட் ஆட்டோ, கார்ப்ளே திரை என்று பைக்குக்கு விற்கிறார்களே?

ஃபோனில் ஓடும் மேப்பைத் தனியாக ஒரு திரையில் காட்டும் ஏற்பாடு இது, எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபோன் பையிலேயே இருக்கும், மழையும் வெயிலும் அதிர்வும் அந்தத் திரைக்குத்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், அது வெறும் திரை. மேப்பும் பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸும் உங்கள் ஃபோனிலிருந்துதான் போகும், ஃபோன் பேட்டரி தீர்ந்தால் திரையும் தீர்ந்தது. வண்டி மின்சாரம் கட்டாயம் வேண்டும், ஆகவே மேலே சொன்ன சாவி வயர் கதை இதற்கும் பொருந்தும். வாங்கும் முன் வெயிலில் எரிய விட்டுப் பாருங்கள், பெட்டியில் போட்டிருக்கும் வெளிச்ச எண்ணை நம்பிச் சிலர் ஏமாந்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் தனிக் கருவி யாருக்கு?

மாதக்கணக்கில் சாலையிலேயே இருப்பவர்கள், கொட்டும் மழையிலும் நிற்காமல் ஓட்டுபவர்கள். கார்மின் ஸுமோ, டாம்டாம் ரைடர் போன்றவை இதற்கென்றே செய்தவை. கையுறையோடு தொடலாம், மழையில் நனையலாம், நேர் வெயிலிலும் பெரும்பாலான ஃபோன்களைவிடத் தெளிவாகத் தெரியும். புதிதாக வாங்கினால் இந்தப் பக்கத்தின் தலைப்புக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும், ஆகவே பழையதாகப் பாருங்கள். அப்போது மின்சாரம் கொடுக்கும் மவுன்ட் தொட்டில் கூட வருகிறதா என்று கேளுங்கள், அதைத் தனியாக வாங்கப் போனால் விலை கேட்டுத் தலை சுற்றும். மேப் புதுப்பிப்பு இன்னும் கிடைக்கிறதா என்பதையும் விற்பவர் முன்னாலேயே சோதித்துப் பாருங்கள்.

கையுறை போட்டால் தொடுதிரை வேலை செய்யவில்லை.

விரல் நுனியில் மின்கடத்தும் நூல் வைத்த கையுறை உண்டு. சில ஃபோன்களின் செட்டிங்ஸில் திரையின் தொடு உணர்வைக் கூட்டும் வசதியும் இருக்கும், அதையும் போட்டுப் பாருங்கள். ஓடும்போது திரையைத் தொடுவதற்காக இதைச் சொல்லவில்லை, சிக்னலில் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றாமல் இருக்கத்தான்.